வயல் நடுவே ஒரு மாத்திரை டப்பா!

இங்கிலாந்தின் தென்மேற்கில் சாமர்செட் என்றொரு மாவட்டம். பச்சைப் புல்வெளி, மேயும் மாடுகள், ஆப்பிள் தோப்புகள் என்று காலண்டர் படம்போல இருக்கும் ஊர்ப்புறம். அங்கே பிரிட்ஜ்வாட்டர் கால்வாய்க் கரையோரம் காலாற நடந்து போனால், திடீரென்று ஒரு கான்கிரீட் பெட்டி எதிரே நிற்கும். ஆறு பக்கச் சுவர், தட்டையான கூரை. ஜன்னல் கிடையாது, சுவர்களில் ஆளுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பொந்துகள் மட்டும். மேலே கொடி படர்ந்திருக்கும். குனிந்து உள்ளே பார்த்தால் இருட்டு, ஈரவாடை, ஆட்டுப் புழுக்கை, யாரோ குடித்துவிட்டுப் போட்ட பீர் டின்.

நம் ஊர்க்காரர் பார்த்தால் பம்ப்செட் ரூம் என்று நினைத்துவிடுவார். ஆனால் இது தண்ணீர் இறைக்கக் கட்டியதல்ல. ஹிட்லரின் படையைத் தடுக்கக் கட்டியது!

இதற்கு ஆங்கிலத்தில் ‘பில்பாக்ஸ்’ என்று பெயர். மாத்திரை டப்பா. முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் சேற்று நிலத்தில் ஜெர்மானியர்கள் கட்டி வைத்திருந்த கான்கிரீட் அறைகளைப் பார்த்து பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைத்த கேலிப் பெயர் இது. அந்தக் காலத்து மருந்துக்கடையில் மாத்திரை போட்டுத் தரும் வட்ட டப்பா மாதிரி இருந்ததாம். பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த உலகப் போரில், கேலி செய்தவர்களே தங்கள் வயல்களில் அந்த டப்பாக்களை அவசர அவசரமாகக் கட்ட வேண்டி வந்தது. 1940-ல் தொடங்கி பில்பாக்ஸ்களும் அதுபோன்ற மற்ற அரண்களுமாக பிரிட்டனில் எழுந்தவை சுமார் 28,000. இன்று மிஞ்சியிருப்பவை ஏறத்தாழ 6,500.

மற்றவை எல்லாம் எங்கே போயின?

தூக்கம் தொலைத்த கோடை

1940 மே 10-ம் தேதி ஜெர்மனி மேற்கு நோக்கிப் பாய்ந்தது. ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சரிந்தன. பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரையில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ், பிரெஞ்சு வீரர்கள் 3 லட்சத்து 38 ஆயிரம் பேரை கப்பலிலும் படகிலும் ஏற்றி ஜூன் 4-ம் தேதிக்குள் மீட்டுக்கொண்டு வந்தார்கள். ஆட்கள் வந்துவிட்டார்கள், தளவாடங்கள் வரவில்லை. சுமார் 2,500 பீரங்கிகளும் 64,000 வாகனங்களும் பிரான்ஸ் மண்ணிலேயே கிடந்தன. நடுவே இருப்பது ஒரு கடல்தான். அதுவும் டோவர் பக்கம் 34 கிலோமீட்டர் அகலம்கூட இல்லை.

அடுத்து நம் முறை என்று பிரிட்டன் நினைத்ததில் வியப்பில்லை. எதிரிக்கு வழி தெரிந்துவிடக் கூடாது என்று சாலையோரக் கைகாட்டிப் பலகைகளைப் பிடுங்கினார்கள். ரயில் நிலையங்களில் ஊர்ப் பெயர்களை மறைத்தார்கள். தேவாலய மணிகள் வாயடைத்தன; எதிரி இறங்கினால் மட்டுமே அவை ஒலிக்க வேண்டும் என்று உத்தரவு. 1942 நவம்பரில் எல் அலமெய்ன் வெற்றியைக் கொண்டாடும் வரை நாடு மணியோசை கேட்கவில்லை.

உள்நாட்டுப் பாதுகாப்பு அப்போது ஜெனரல் எட்மண்ட் ஐயன்சைட் கையில் வந்து சேர்ந்தது. ஆறடி நாலங்குல ஆகிருதி. படையில் அவருக்குப் பட்டப்பெயர் ‘டைனி’ - அதாவது பொடியன்! கையில் டாங்கி இல்லை, பீரங்கி இல்லை, பயிற்சி பெற்ற படை போதவில்லை. சிமென்ட்டும் ஜல்லியும் கொத்தனார்களும் இருந்தார்கள். அதை வைத்துத்தான் அவர் திட்டம் போட்டார்.

கடற்கரையில் முதல் தடுப்பு. அதைத் தாண்டி வந்தால் உள்நாட்டில் அடுத்தடுத்து ‘தடுப்புக் கோடு’கள். ஆறு, கால்வாய், ரயில்வே மேடு என்று டாங்கி ஏறிக் கடக்க முடியாத இடங்களாகப் பார்த்துக் கோடு இழுத்தார்கள். இயற்கைத் தடுப்பு இல்லாத இடத்தில் ஆழமான அகழி வெட்டினார்கள். பாலங்களுக்கு வெடி வைத்துத் தயாராக வைத்தார்கள். கோடு நெடுகப் பில்பாக்ஸ்கள். எல்லாவற்றிலும் பெரிய கோடு பிரிஸ்டல் பக்கம் தொடங்கி, லண்டனுக்குத் தெற்கே வளைந்து, கேம்பிரிட்ஜ் வழியாக வடக்கே யார்க்‌ஷயர் வரை போனது. சாமர்செட்டில் நாம் பார்த்த பெட்டி ‘டான்டன் தடுப்புக் கோடு’ என்ற இன்னொன்றைச் சேர்ந்தது. தென்மேற்கு மூலையில் எதிரி இறங்கினால் அங்கேயே மடக்கிவிட, கடலுக்குக் கடல் சுமார் 80 கிலோமீட்டர். அதில் மட்டும் 300-க்கு மேல் பில்பாக்ஸ்கள்.

சென்ட்ரிங் பிரிக்காத சுவர்

ராணுவத்தின் கட்டுமானப் பிரிவு ஜூன் மாதம் சுமார் ஒரு டஜன் மாதிரி வரைபடங்களைத் தயாரித்துக் கொடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 22-ம் எண் என்றால் ஆறு பக்கமும் சமம். 24-ம் எண் என்றால் வாசல் உள்ள பின்பக்கம் மட்டும் நீளம். அதிகம் காணப்படுவது இதுதான். 28-ம் எண், டாங்கியைச் சுடும் பீரங்கியையே உள்ளே நிறுத்தும் பெரிய ரகம். துப்பாக்கிக் குண்டைத் தாங்க 30 சென்டிமீட்டர் சுவர். பீரங்கிக் குண்டைத் தாங்க ஒரு மீட்டருக்கு மேல். உள்ளே நடுவில் ‘ஒய்’ வடிவத்தில் ஒரு குறுக்குச் சுவர் இருக்கும். பொந்து வழியாக உள்ளே புகும் குண்டு சுவரில் பட்டுத் தெறித்து எல்லோரையும் கொன்றுவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

கட்டியவர்கள் பெரும்பாலும் உள்ளூர் கான்ட்ராக்டர்கள். நேற்று வரை வீடும் மாட்டுக்கொட்டகையும் கட்டியவர்கள். வரைபடம் ஒன்றுதான் என்றாலும் கட்டடம் ஊருக்கு ஊர் வேறுபட்டது அதனால்தான். சில இடங்களில் சென்ட்ரிங் அடிக்க மரம் கிடைக்கவில்லை. செங்கல் சுவரை எழுப்பி, அதற்குள் கான்கிரீட்டைக் கொட்டி, செங்கலைப் பிரிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். பலகை கிடைத்த இடங்களில், அந்தப் பலகையின் மர ரேகைகள் கான்கிரீட்டில் இன்னும் பதிந்திருக்கின்றன. கையால் தடவிப் பார்க்கலாம். 80 வருடத்துக்கு முன்னால் ஒரு தச்சர் அவசரத்தில் அறைந்த பலகை!

கட்டியாயிற்று. உள்ளே நிற்பது யார்?

போரில் பழகிய படை டன்கிர்க்கிலிருந்து களைத்து வந்திருந்தது. அதனால் பல இடங்களில் பொறுப்பு ஊர்க்காவல் படையிடம் போனது. மே 14-ம் தேதி அமைச்சர் ஆன்டனி ஈடன் வானொலியில் அழைப்பு விடுத்தார்; ஒரே வாரத்தில் இரண்டரை லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். வயது 17 முதல் 65 வரை. பகலில் பால் கறப்பவர், தபால் கொடுப்பவர், பள்ளி வாத்தியார், இரவில் காவல். ஆரம்பத்தில் பலருக்குச் சீருடைகூடக் கிடையாது, கையில் ஒரு பட்டைத் துணிதான். முயல் சுடும் துப்பாக்கியோடு வந்தவர்களும் உண்டு.

அந்த அறைக்குள் நிற்கும் ஐந்தாறு பேர் ஜெர்மன் டாங்கிகளை ஜெயிப்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சில மணி நேரம் தாமதப்படுத்தினால் போதும். பின்னால் இருக்கும் கொஞ்சநஞ்சப் படை அதற்குள் வந்து சேரும். இதுதான் கணக்கு. சொந்த ஊர்ப் பாலத்தை, சொந்த வயலுக்குள்ளிருந்து, திரும்பிப் போகும் வழி இல்லாமல் காக்க வேண்டும். அந்தக் கோடையில் ராத்திரி காவலுக்கு நின்ற 60 வயது விவசாயிக்கு இந்தக் கணக்கு புரியாமல் இருந்திருக்காது.

வைக்கோல் போரா, அரணா?

இந்தக் கதையில் ஒரு வேடிக்கையான அத்தியாயமும் உண்டு. திறந்த வெளியில் கான்கிரீட் பெட்டி நின்றால் விமானத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பளிச்சென்று தெரியுமே? மறைக்க வேண்டும். அந்த வேலைக்கு ராணுவம் சேர்த்துக்கொண்டவர்களில் ஒருவர் ஆலிவர் மெஸ்ஸல், லண்டன் நாடக மேடைகளுக்கு அரங்கம் வடிவமைத்துப் புகழ்பெற்றவர். அவரை சாமர்செட்டுக்கு அனுப்பினார்கள். மேடையில் அட்டையை அரண்மனையாகக் காட்டிய மனிதர், இங்கே அரணை வைக்கோல் போராகக் காட்டினார். பாழடைந்த கோட்டையாக, சாலையோரச் சாப்பாட்டுக் கடையாக எல்லாம் பில்பாக்ஸ்கள் வேஷம் கட்டின. வேறு இடங்களில் சுவரில் ஜன்னலும் திரைச்சீலையும் வரைந்து வீடாக்கினார்கள்.

தெற்குக் கடற்கரையில் பெவன்சி கோட்டை இதில் ஒரு படி மேலே. ரோமானியர்கள் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் கட்டிய மதில். 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் கரையிறங்கியது இந்தப் பெவன்சியில்தான். அடுத்தவனும் இங்கேயே இறங்கலாம் என்று 1940-ல் அந்த இடிபாடுகளுக்குள்ளேயே துப்பாக்கி மேடைகளைக் கட்டி, வெளியே பழைய கல்லைப் போலவே கல் பதித்துவிட்டார்கள். இன்றும் உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் கட்டிக்கொண்டிருக்கும்போதே மேலிடத்தில் மனம் மாறிவிட்டது. ஜூலையில் ஐயன்சைட்டை மாற்றி ஜெனரல் ஆலன் புரூக்கைக் கொண்டுவந்தார்கள். புரூக் பிரான்ஸில் நேரில் பார்த்தவர். மாஜினோ கோடு என்று கோடிகளைக் கொட்டிக் கட்டிய கோட்டைச் சுவரை ஜெர்மானியர்கள் சுற்றிக்கொண்டு போனதை அவர் மறக்கவில்லை. நின்ற இடத்தில் நிற்கும் கான்கிரீட்டைவிட, ஓடிவந்து அடிக்கும் படைதான் வேண்டும் என்றார். உள்நாட்டுக் கோடுகளின் வேலை குறைந்தது. சில இடங்களில் பாதியில் நின்றது. ஐயன்சைட்டுக்கு ஃபீல்டு மார்ஷல் பட்டம் கொடுத்து, ஓய்வு கொடுத்தார்கள்.

அவரைக் குறை சொல்வது எளிது. ஜூன் மாதத்தில் ஓடிவந்து அடிக்க அவரிடம் என்ன இருந்தது என்ற கேள்வியையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியில் எதிரி வரவே இல்லை. வானத்தில் நடந்த போரில் ஜெர்மன் விமானப் படையால் வெல்ல முடியவில்லை. 1940 செப்டம்பர் 17-ம் தேதி ஹிட்லர் படையெடுப்பைக் காலவரையறையின்றித் தள்ளிவைத்தார். அந்த 28,000 அரண்களும் எந்தப் படையெடுப்புக்காகக் கட்டப்பட்டனவோ, அது நடக்கவே இல்லை.

இடிப்பதும் பாடு, வைத்திருப்பதும் பாடு

போர் முடிந்ததும் கடற்கரைகளைத்தான் முதலில் சுத்தம் செய்தார்கள். முள்கம்பி, இரும்புச் சாரம், மண்ணுக்குள் கண்ணிவெடி. அந்த வெடிகளை அகற்றும்போது உயிரிழந்த ராணுவத்தினர் பலர். எதிரி ஒருவன்கூடக் கால் வைக்காத கரையில், தாங்கள் புதைத்ததையே தோண்டும்போது போன உயிர்கள் அவை.

வயல்களில் இருந்த பில்பாக்ஸ்களின் கதை மெதுவானது. அகழிகளை மூடுவது சுலபம், மண்ணைத் தள்ளி உழுதுவிட்டார்கள். கான்கிரீட் அப்படி மசியவில்லை. பீரங்கிக்குத் தாங்க வேண்டும் என்று கட்டியதைக் கடப்பாரையால் என்ன செய்ய முடியும்? வெடி வைத்தால் செலவு. உடைந்த பாளங்களை அள்ளிப் போடுவது அதைவிடச் செலவு. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரிட்டனில் ரொட்டிக்கே ரேஷன். இருக்கிற நிலத்தில் முழுக்க விதைக்க வேண்டும் என்ற நெருக்கடி. வசதி இருந்தவர் இடித்தார். இல்லாதவர் அதைச் சுற்றி உழுதார்.

சிலர் புத்திசாலித்தனமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். உருளைக்கிழங்கு கிடங்கு, கன்றுக்குட்டிக் கொட்டில், உரமூட்டை அறை. சுவர் தடிமனாக இருப்பதால் கோடையில் சில்லென்று இருக்கும். மழைக்கு ஒதுங்க ஆடுகள் தாமாகவே குடியேறின. ஊர்ப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டுக் கோட்டை. கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு முதல் சிகரெட் பிடிக்கும் இடம்.

பிறகு நாடு வளர்ந்தது. சாலை அகலமானது, புறநகர் விரிந்தது, பாலங்கள் புதிதாயின. பில்பாக்ஸ்கள் கட்டப்பட்டதே பாலத்தையும் சாலைச் சந்திப்பையும் காக்கத்தான் என்பதால், அகலப்படுத்தும்போது முதலில் அடிபட்டவையும் அவைதான். ஒன்று போனால் யாரும் கவலைப்படவில்லை. அழகான கட்டடமா என்ன? உள்ளே நாற்றம், வெளியே கிறுக்கல். தாத்தா காலத்துச் சங்கடத்தை ஜே.சி.பி வந்து தூக்கிப் போனது, அவ்வளவுதான்.

விவசாயிகள் மேல் கோபப்படவும் முடியாது. அவர்களைக் கேட்டு யாரும் அதை அவர்கள் வயலில் கட்டவில்லை.

எண்ணத் தொடங்கியவர்கள்

விநோதம் என்னவென்றால், எந்த வயலில் எத்தனை இருந்தன என்ற முழுக் கணக்கு ஒரே இடத்தில் யாரிடமும் இல்லை. கோபுரத்துக்கும் கோட்டைக்கும் பதிவேடு உண்டு. அவசரத்தில் கட்டிய ராணுவ ரகசியத்துக்கு ஏது?

முதலில் பொறுமையாகத் தேடியவர்களில் ஒருவர் ஹென்றி வில்ஸ். 1985-ல் பில்பாக்ஸ்களுக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அதுவரை புதராகத் தெரிந்தது, அதன் பிறகு பலர் கண்ணுக்கு வரலாறாகத் தெரிய ஆரம்பித்தது. போர் முடிந்த 50-ம் ஆண்டில், 1995-ல், பிரிட்டிஷ் தொல்லியல் கவுன்சில் ஒரு பெரிய கணக்கெடுப்பைத் தொடங்கியது. ஊதியம் வாங்காத சுமார் 600 தன்னார்வலர்கள். ரிட்டயர் ஆனவர்களும் வரலாற்று ஆர்வலர்களும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு முள்வேலி தாண்டினார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டார்கள். “அந்தத் திருப்பத்தில் ஒன்று இருந்ததே?” என்று ஒருவர் சொன்னால் போய்த் தேடினார்கள். ஏழு ஆண்டுகளில், 2002-க்குள், பில்பாக்ஸ் மட்டுமின்றி விமானத் தளம், பீரங்கி மேடை, டாங்கித் தடுப்பு என்று சுமார் 20,000 இடங்கள் பதிவாயின. அழிந்துபோனவையும் அதில் சேர்த்தி.

தரையில் இல்லாததை வானத்திலிருந்து கண்டுபிடித்தார்கள். போர்க் காலத்திலும் அதையொட்டியும் விமானப் படை எடுத்த பழைய படங்களில், இன்று குடியிருப்பாக இருக்கும் இடத்தில் ஆறு பக்கப் பெட்டி தெளிவாகத் தெரியும். மழை பொய்த்த கோடையில் இன்னொரு அதிசயம் நடக்கும். மூடப்பட்ட அகழியில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருப்பதால், அதன்மேல் விளையும் பயிர் மட்டும் கூடுதல் பச்சையாக வளரும். மேலிருந்து பார்த்தால், மஞ்சள் வயலின் நடுவே டாங்கிக்காக வெட்டிய கோடு ஒரு பச்சை நாடாபோல ஓடும்!

இப்போது சில பில்பாக்ஸ்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, தேவையும் இல்லை. ஒரு பாலம், அதன் இரு பக்கமும் அரண், பக்கத்திலேயே அகழியின் தடம் என்று மொத்த அமைப்பும் மிஞ்சியிருக்கும் இடங்களைத்தான் ஆய்வாளர்கள் முக்கியமாகக் கருதுகிறார்கள். தனியாக நிற்கும் டப்பாவைவிட, அது எதைக் காத்து நின்றது என்று தெரியும் டப்பாதான் கதை சொல்லும். டான்டன் கோட்டை ஒட்டிய நிலப்பரப்பில் இன்று ஒரு சைக்கிள் பாதையே இருக்கிறது; பெயரும் ‘ஸ்டாப் லைன் வே’தான். பெவன்சியில் 1945-லேயே நல்ல முடிவு எடுத்தார்கள்: கோட்டைக்குள் கட்டியதை இடிக்க வேண்டாம், இதுவும் அதன் வரலாறுதானே என்று விட்டுவிட்டார்கள்.

புதுக் குடித்தனக்காரர்களும் வந்துவிட்டார்கள் - வௌவால்கள். இருட்டு, ஈரப்பதம், அதிகம் ஏறாத இறங்காத குளிர்ச்சி. குளிர்காலம் முழுக்கத் தூங்கிக் கழிக்கும் வௌவாலுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? இயற்கை ஆர்வலர்கள் சில பில்பாக்ஸ்களின் பொந்துகளை அடைத்து, வௌவால் நுழையும் அளவுக்கு மட்டும் சந்து விட்டு, உள்ளே தொங்குவதற்குச் செங்கலும் பலகையும் பொருத்தித் தருகிறார்கள். பிரிட்டனில் வௌவால் தங்கும் இடத்தைக் கலைப்பது சட்டப்படி குற்றம். போர் நினைவு என்று சொல்லிக் காப்பாற்ற முடியாத கட்டடத்தை, வௌவால் காப்பாற்றுகிறது.

கடலோரத்தில் சட்டமும் செல்லாது, வௌவாலும் உதவாது. யார்க்‌ஷயரின் ஹோல்டர்னெஸ் கடற்கரை, ஐரோப்பாவிலேயே வேகமாகக் கரையும் கரைகளில் ஒன்று. களிமண் சரிவு ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றரை, இரண்டு மீட்டர் பின்வாங்குகிறது. 1940-ல் நிலத்தின் மேல் பத்திரமாக நின்ற அரண்கள் இப்போது விளிம்பில் தொங்குகின்றன, அல்லது கீழே விழுந்துவிட்டன. கில்ன்சீ என்ற ஊரில் முதல் உலகப் போருக்காகக் கட்டி இரண்டாவதிலும் பயன்பட்ட பீரங்கித் தளம் ஒன்று, பாளம் பாளமாக மணலில் கிடக்கிறது. கென்ட் மாவட்டத்தின் ஷெப்பி தீவிலும் இதே காட்சி: வார்டன் முனையில் மேட்டிலிருந்து சரிந்த பில்பாக்ஸ் அலையோரம் சாய்ந்து கிடக்கிறது.

விழுந்தாலும் உடையவில்லை. அந்தக் கொத்தனார் வேலை அவ்வளவு கெட்டி. கடலைப் பார்த்துத் துப்பாக்கி நீட்ட வைத்த பொந்து சாய்ந்துபோய்விட்டது. அலை ஏறும்போது அதன் வழியாக உள்ளே தண்ணீர் புகுகிறது. இறங்கும்போது மணலையும் பாசியையும் விட்டுவிட்டுப் போகிறது. விடுமுறை நாளில் பிள்ளைகள் அதன் முதுகில் ஏறி நிற்கிறார்கள். “வழுக்கும், இறங்கு!” என்று கீழேயிருந்து அம்மாக்கள் கத்துகிறார்கள்.